முடுக்கினால் நிற்குமா ஒழுகல்?

(ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் சட்டிக்கு வீட்டிலேயே பேக்கிங் மாற்றும் முறை)

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை மாணவன், பூதலூர்



'சிறுதுளி பெருவெள்ளம்' என்ற பழமொழியை எல்லோரும் சேமிப்புக்குத்தான் சொல்வார்கள். நான் அதை ஒழுகலுக்குச் சொல்லப் போகிறேன். நிறுத்தி வைத்த காரின் அடியில் பத்து விநாடிக்கு ஒரு சொட்டு ஆயில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆகவே 8,640 சொட்டு. சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. கணக்குப் போட்டால் ஒரே நாளில் 430 மில்லி, ஒரு வாரத்தில் மூன்று லிட்டர்! ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கும் மொத்த ஆயிலே பல கார்களில் ஆறிலிருந்து பத்து லிட்டர்தான்.

சாதாரண கியர்பாக்ஸில் ஆயில் கொஞ்சம் குறைந்தால் சத்தம் வரும், பல்சக்கரம் தேயும். ஆனா ஆட்டோமேட்டிக்கில் கதையே வேறு. அங்கே ஆயில்தான் எல்லாம். என்ஜின் சக்தியைக் கடத்துவது ஆயில், உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பது ஆயில், சூட்டை வெளியே கொண்டு போவதும் ஆயில். அது குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். அழுத்தம் விழும். தகடுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். அப்புறம் சில நூறு ரூபாய் பேக்கிங்கோடு முடிய வேண்டிய வேலை, கியர்பாக்ஸையே இறக்கும் வேலையாகி விடும். இந்தக் கட்டுரையில் அந்தப் பேக்கிங்கை எப்படி மாற்றுவது என்று பார்ப்போம்.

சட்டி என்பது எது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடியில் தகரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டையான ஒரு பாத்திரம் இருக்கும். புத்தகத்தில் 'ஆயில் பேன்' என்று போட்டிருப்பார்கள். நம்ம பக்கம் பேன் என்றால் தலையில் இருப்பதோ, கூரையில் சுற்றுவதோ என்று குழப்பம் வரும். ஆகவே சட்டி என்றே சொல்கிறேன். அந்தச் சட்டியின் விளிம்புக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் நடுவில் வைப்பதுதான் கேஸ்கட். ஒர்க்‌ஷாப்பில் 'பேக்கிங்' என்பார்கள்.

திரவத்தால் சக்தியைக் கடத்தும் இந்த முறைக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். அவர் அதைச் செய்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக! 1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன்பின் இரண்டாம் உலகப்போரில் அதே கியர்பாக்ஸ் ராணுவ டாங்கிகளிலும் ஓடியது.

எல்லா ஆட்டோமேட்டிக் காரிலும் இந்தச் சட்டி இருக்குமா என்றால், இருக்காது. 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி. என்பது உண்மையில் சாதாரண கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. அதில் இந்தச் சட்டியைத் தேட வேண்டாம். டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டிகளில்தான், அதிலும் பின்சக்கரம் இழுக்கும் பெரிய வண்டிகளில்தான், சட்டியைத் தெளிவாகப் பார்க்கலாம். சில முன்சக்கர ஓட்ட வண்டிகளில் கழற்றும் சட்டியே இல்லாமல் வடிகால் திருகு மட்டும் இருக்கும். வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் ஸ்பானரைத் தொடக்கூடாது.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

சட்டியின் விளிம்பில் ஆயில் நின்றால் பேக்கிங்தான் போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. மழைத்தண்ணி ஓட்டின் நடுவில் இறங்கினாலும் வாசல் விளிம்பில்தானே சொட்டும்? அதுபோல மேலே கூலர் குழாய் இணைப்பிலோ, கியர் மாற்றும் தண்டின் சீலிலோ, ஒயர் நுழையும் இடத்திலோ ஒழுகினாலும் அது வழிந்து வந்து சட்டியின் விளிம்பில்தான் நிற்கும்.

எனவே அடிப்பாகம் முழுவதையும் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். ஓர் அட்டையை அடியில் விரித்து, வண்டியைக் கொஞ்சம் ஓட்டி வந்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எந்த இடத்தில் மிக உயரமாகத் தொடங்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஆயில் சிவப்பாக இருக்கும், பழசானால் பழுப்பாகும். பச்சை நிற ஆயில் உள்ள வண்டிகளும் உண்டு. வெறும் தண்ணியாக இருந்தால் அது ஏ.சி.யிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம்.

உயிர் முதலில், வண்டி பிறகு

இந்த வேலையில் ஆபத்தானது ஆயில் அல்ல, நமக்கு மேலே நிற்கும் வண்டி. ஒரு டன்னுக்கு மேல் எடை. ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

நம்ம டெல்டா மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்ம வீட்டு வாசல் பலதும் களிமண். காய்ந்திருக்கும்போது சிமெண்டு மாதிரி தெரியும், ஒரு மழை பெய்தால் ஸ்டாண்டின் கால் மெதுவாக உள்ளே இறங்கும். ஆகவே சமமான சிமெண்டுத் தரையில் மட்டுமே செய்யுங்கள். அது இல்லை என்றால் வேலையையே தள்ளிப் போடுங்கள். இரும்பு ஸ்டாண்டுதான் போட வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை சொல்லிக்கொண்டு உடையாது, ஒரே நொடியில் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, கை பிரேக்கும் போடுங்கள். ஓடி வந்த வண்டியின் ஆயில் 80, 90 டிகிரி வரை சூடாக இருக்கும். அது கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும்.

கழற்றும் முறை

1. வடிகால் திருகு இருந்தால் அதன் வழியாக முதலில் வடித்து விடுங்கள். இல்லாவிட்டால் அகலமான ஒரு பேசினை அடியில் வைத்து, ஒரு பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டு, மற்றவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சட்டி சாயும், ஆயில் ஒரே மூலையில் இறங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் ஆயிலில் குளிக்க வேண்டியதுதான்.

2. வடிந்த ஆயிலைக் கண்டிப்பாக அளந்து வையுங்கள். எவ்வளவு போடுவது என்பதற்கு அதுதான் முதல் கணக்கு.

3. சட்டியின் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருந்தால் அது இயற்கையான தேய்மானம். கையில் உறுத்தும் இரும்புச் சில்லு, பித்தளைப் பொடி, கருகிய வாசனை இருந்தால் நோய் பெரிது. பேக்கிங் மாற்றுவதோடு அது தீராது, வண்டிக்காரரிடம் அப்போதே சொல்லி விடுங்கள்.

4. ஆயில் வடிகட்டி மாற்றக்கூடியதாக இருந்தால் இதுதான் அதற்கும் நேரம். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் சில சமயம் ஓட்டையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புதுசைச் செருகக் கூடாது.

சுத்தம்தான் பாதி வேலை

பழைய பேக்கிங் துணுக்குகளைச் சுரண்டும்போது கத்தி, உப்புக்காகிதம் வேண்டாம். கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம். ஒரு கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்கு வாய்க்கால். மரச்சீவலோ பிளாஸ்டிக் துண்டோ போதும். துடைப்பதற்கு நூல் பிரியாத துணி வேண்டும். பழைய வேஸ்ட் துணியின் நூல் ஒன்று உள்ளே போனால், வால்வுகளின் மெல்லிய துவாரத்தில் சிக்கி கியர் விழுவதையே கெடுத்து விடும்.

அடுத்து, சட்டியின் விளிம்பு மட்டமாக இருக்கிறதா? ஒரு கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தகரச் சட்டியில், அதிகமாக முடுக்கிய இடத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விளிம்பு மேல்நோக்கிக் குழிந்து போயிருக்கும். அதை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். அலுமினியச் சட்டியைத் தட்டக் கூடாது. அது கோணினால் மாற்றுவதே வழி.

பேக்கிங்கின் குணம்

பேக்கிங்குகளில் கார்க், கெட்டிக் காகிதம், ரப்பர், கார்க்கும் ரப்பரும் கலந்தது எனப் பல வகை உண்டு. கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகில் அதிகமாக விளைவிக்கும் நாடு போர்ச்சுகல். அதன் அதிசயக் குணம், அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்காமல் தனக்குள்ளேயே சுருங்கும். ரப்பர் அப்படி இல்லை. அதை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கித்தான் ஆக வேண்டும். கொழுக்கட்டை மாவை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், புரியும். அதனால்தான் ரப்பர் பேக்கிங்கை அளவுக்கு மீறி முடுக்கினால் அது வெளியே தள்ளப்பட்டு, கிழிந்து, முன்னைவிட அதிகமாக ஒழுகும். நல்ல ரப்பர் பேக்கிங்குகளில் போல்ட் ஓட்டைக்குள் சின்ன இரும்பு வளையங்கள் வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான்.

பேக்கிங்கை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். டியூபில் வரும் பசையைத் தடவினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி சொல்லாத இடத்தில் பசை கூடாது. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். வைக்கும்போது பேக்கிங் நழுவினால் இரண்டு மூன்று ஓட்டையில் மெல்லிய நூலால் கட்டி, போல்ட் பிடித்தபின் நூலை வெட்டி எடுத்து விடலாம்.

எவ்வளவு முடுக்குவது? கணக்குப் பார்ப்போமா?

இந்தக் கட்டுரையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சட்டிக்குள் இருக்கும் ஆயில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? கியர்பாக்ஸின் உள்ளே பம்பு பெரிய அழுத்தம் தருவது உண்மை. ஆனால் சட்டியில் இருப்பது சும்மா தேங்கி நிற்கும் ஆயில். பத்து சென்டிமீட்டர் ஆழம் என்றாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 8.5 கிராம்தான்! இதைத் தடுக்க பீமன் தேவையில்லை.

இனி போல்ட் தரும் பலம். நாம் படித்த சூத்திரம்தான்: முறுக்கு விசையை, போல்ட்டின் விட்டத்தாலும் 0.2 என்ற முறுக்குக் கெழுவாலும் வகுத்தால் பிடிக்கும் விசை வரும். சட்டியின் போல்ட் பெரும்பாலும் 6 மி.மீ. அதற்கு 10 நியூட்டன் மீட்டர் கொடுத்தால்:

10 ÷ (0.2 × 0.006) = 8,333 நியூட்டன், அதாவது சுமார் 850 கிலோ.

ஒரு போல்ட்டுக்கு 850 கிலோ! சட்டிக்கு 18 போல்ட் என்றால் மொத்தம் 15 டன். எதிரே இருப்பதோ தேங்கி நிற்கும் சில லிட்டர் ஆயில். 10 நியூட்டன் மீட்டர் என்பது 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் சுமார் 5 கிலோ பலத்தில் இழுப்பது. மணிக்கட்டு வேலைதான், தோள் வேலை அல்ல.

அதையே வேகமாக இழுத்து 25 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் சூத்திரப்படி 2,100 கிலோ வரும். 8.8 தரத்து 6 மி.மீ. போல்ட் அறுந்து போகும் அளவே சுமார் 1,640 கிலோ. ஆகவே ஒன்று போல்ட் அறும், இல்லாவிட்டால் அலுமினியத்தில் மரை உருவிக்கொண்டு வரும். மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முடுக்கலுக்கு இன்னும் அதிக விசை போகும். அதனால் போல்ட்டையும் மரையையும் துடைத்துக் காய வைத்துத்தான் போட வேண்டும்.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அப்பா டிராக்டர் டிரைவர். எந்த ஒழுகல் என்றாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: 'இன்னொரு சுத்து முடுக்கு.' போன விடுமுறையில் எங்க தெரு அண்ணன் ஒருவரின் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு இந்த வேலையைச் செய்தேன். ஏற்கெனவே இரண்டு முறை நீள ஸ்பானரால் முடுக்கியும் நிற்காத ஒழுகல் அது. கழற்றிப் பார்த்தால் சட்டியின் விளிம்பு நாலு இடத்தில் குழிந்து கிடந்தது. நான் டார்க் ரெஞ்சில் 'டிக்' சத்தம் வந்ததும் நிறுத்துவதைப் பார்த்து அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, பூ தொடுக்கிற மாதிரி முடுக்குறே? நல்லா ரெண்டு இழு இழுடா."

"அப்பா, வரப்புல நண்டு வளை இருந்து தண்ணி போவுது. மேல மண்ணைப் போட்டு வரப்பை ஒசத்தினா நின்னுடுமாப்பா?"

"எப்படி நிக்கும்? வளையைத் தோண்டி, சேத்தை மிதிச்சு அடைக்கணும்."

"இதுவும் அதேதாம்பா. ஒழுகுறது பலம் பத்தாம இல்ல. சந்து இருக்கறதால."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். அடுத்த போல்ட்டுக்கு 'டிக்' சத்தம் வந்ததும், "ம், போதும்" என்றார்.

ஒழுகலை நிறுத்துவது பலம் அல்ல நண்பர்களே, சமம். சமமான விளிம்பு, சுத்தமான முகம், எல்லா போல்ட்டிலும் ஒரே அளவு முடுக்கல். இந்த மூன்றும் இருந்தால் சட்டி ஒழுகாது.

பூட்டும் முறை

1. எல்லா போல்ட்டையும் முதலில் கை விரலாலேயே மரையில் ஏற்றுங்கள். ஒன்று ஏற மறுத்தால் ஸ்பானரால் கட்டாயப்படுத்த வேண்டாம், கழற்றித் திரும்ப நேராகப் போடுங்கள்.

2. நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக வெளிப்பக்கம் போங்கள். ஒரு மூலையிலிருந்து வரிசையாகப் போனால் பேக்கிங் சுருக்கம் விழும்.

3. ஒரே தடவையில் முடிக்காமல், பாதி அளவு ஒரு சுற்று, முழு அளவு ஒரு சுற்று என்று முடுக்குங்கள். பல வண்டிகளுக்கு இது 5 முதல் 12 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ஆனால் மேனுவலில் போட்ட எண்தான் சட்டம்.

4. மேனுவல் சொல்லும் வகை ஆயிலையே ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் ஆயில் எல்லாம் ஒன்றல்ல. ஒரு காலத்தில் அதில் திமிங்கல எண்ணெய்கூடக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு, கம்பெனிகள் புது ஆயில் தேட வேண்டி வந்தது. கிளட்ச் தகட்டுக்கு ஏற்ற உராய்வு குணம் அத்தனை முக்கியம்.

5. வடிந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, வண்டியை இறக்கி, என்ஜினை ஓட விட்டு, கால் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு கியர் லிவரை எல்லா நிலைக்கும் மெதுவாக மாற்றி வாருங்கள். பிறகு மேனுவல் சொல்லும் சூட்டில் அளவு பார்த்து மீதியை நிரப்புங்கள். அளவுகோல் இல்லாத வண்டிகளில் பக்கத் திருகு வழியாக, குறிப்பிட்ட சூட்டில், வண்டி மட்டமாக நிற்கும்போது பார்க்க வேண்டும். அதிகமாக ஊற்றினாலும் ஆபத்து, ஆயில் நுரைத்துப் போகும்.

6. மறுநாள் காலையும் ஒரு வாரம் ஓடியபின்பும் அட்டை விரித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் முடுக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். கியர்பாக்ஸ் மூச்சுவிடும் சின்னக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஒழுகும். வயல் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். அதன் தண்ணி வாய்க்காலாய், கிளை வாய்க்காலாய்ப் பிரிந்து வயலுக்குப் போகிறது. அந்த வாய்க்காலில் பழைய ஆயிலைக் கொட்டினால் அது மெல்லிய படலமாகப் பரவி, நாற்றங்கால் வரை போகும். அந்தத் தண்ணியில் நடவு நடுவது நம்ம அம்மா, அக்காமார்தான். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. பழைய கேனில் மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து விடுங்கள்.

நிறைவாக ஒன்று. நம்மில் பலர் வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் இல்லை. ஆனால் டிராக்டர் இருக்கும், ஆயில் என்ஜின் பம்புசெட் இருக்கும். அவற்றின் ஆயில் சட்டிக்கும் சைடு மூடிக்கும் இதே கணக்குத்தான், போல்ட் அளவுக்கும் மேனுவலுக்கும் தகுந்தபடி எண் மட்டும் மாறும். வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம், நம்ம வீட்டு வாசலில் ஒரு போல்ட்டை அறுந்து போகாமல் காப்பாற்றும். கையில் ஸ்பானர் எடுக்கும்போது அதை மறந்து விடாதீர்கள்.

கற்போம்! கற்றதைக் கையால் செய்வோம்!